பந்தலுக்கு முட்டு

மாமனாரின் நகக்கண்ணில் அடைந்திருந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் பத்மாவதி. அவர் உள்ளங்கையில் சணல் கயிறு அறுத்த கோடு இன்னும் சிவப்பாக இருந்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து சொன்ன தகவல் கிடைத்துத் தாராபுரத்திலிருந்து வந்திருந்த பாவாத்தாள், அண்ணன் கருப்புசாமியின் உடலுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லி அழுதாள்.

"நெஞ்சு வலிக்காரருங்க. இந்த ஆடிக்காத்துல எங்கண்ணன் எதுக்குங்க பொடக்காணிக்குப் போகோணும்? ஆரு போகச் சொன்னா?"

பத்மாவதி நிமிரவில்லை.

சோமனூர் வீட்டின் பின்புறத்துப் பொடக்காணியில் இருந்த மூன்று சென்ட் காய்கறித் தோட்டம்தான் கருப்புசாமிக்கு உலகம். தறிகளை மகன் தனபாலிடம் ஒப்படைத்த பிறகு அங்கேயே கிடந்தார். கடையில் விற்கும் பூச்சிமருந்தைச் செடிப் பக்கம் அண்டவிட மாட்டார். அசுவினிப் பூச்சிக்கு அடுப்புச் சாம்பல் தூவுவார். கத்தரியில் புழு விழுந்தால் வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலக்கி, இலையைத் திருப்பித் திருப்பித் தெளிப்பார். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று கிளம்பும் முன்பே மேற்கு வேலியில் பழைய சாக்குகளைத் தைத்துக் கட்டிவிடுவார். பீர்க்கங்கொடி மட்டும் பத்மாவதி நட்டது.

இன்று காலை சமையலறை ஜன்னல் வழியே பந்தல் சாய்வதை அவள்தான் பார்த்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"மாமா, பீர்க்கம் பந்தல் சாயுதுங்க. ஒரு முட்டுக் குடுத்துப்போட்டு வாரீங்களா?"

"இதா போறேன் அம்மணி."

சோற்றை வடித்துவிட்டுப் போனபோது அவர் பந்தல்காலைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார். முட்டைக் கட்டி முடித்திருந்தார்.

எரியூட்டிவிட்டு வந்து குளித்த தனபால் ஈரத்தலையோடு தோட்டத்தில் போய் நின்றான். பத்மாவதி பின்னாலேயே போனாள்.

"ஏனுங்க..."

அவன் திரும்பினான்.

"நாந்தானுங்க மாமாவைப் போகச் சொன்னேன்."

காற்று சாக்குகளைப் படபடவென்று அடித்தது. அவன் பந்தல்காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தான்.

"நேத்தே எங்கிட்டச் சொன்னாரு," என்றான் பிறகு. "பந்தல் ஆடுது, வந்து ஒரு கை புடிடான்னாரு. தறி ஓடுது, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய காப்பித் தூக்கோடு பாவாத்தாள் வந்தாள். பந்தலைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் குரல் உடைந்தது.

"இதுக்காகவா போனாரு? அவரை ஆருடா இங்க வரச் சொன்னா?"

பத்மாவதி வாயெடுப்பதற்குள் தனபால் சொன்னான்: "நாங்க ரெண்டு பேருந்தானுங்க அத்தை."

பாவாத்தாள் அவனைப் பார்த்தாள். அப்புறம் பத்மாவதியைப் பார்த்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தூக்கின் மூடியில் காப்பியை ஊற்றி, ஆவி அடங்கும்வரை ஆற்றினாள். பிறகு அதை முதலில் பத்மாவதியிடம் நீட்டினாள்.