காதுக் கிரீடம்

ஆறுச்சாமிக்குக் காது கேட்காது என்பது மட்டாஞ்சேரி வார்ஃப் கப்பல்துறையில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு முக்கியக் காரணம், அங்கே யாருக்குமே எதுவும் சரியாகக் கேட்காது என்பதுதான். கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் டாங்கிக்குள் ஆறு பேர் குந்தி உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டி உரிக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியப்போவதில்லை. பேச்சில் பாதி கத்தல், பாதி கைஜாடை. அந்த இடத்தில் ஒரு செவிடர் நாலு வருஷம் ஒளிந்திருந்தது பெரிய சாமர்த்தியம் இல்லை. வெளியே சாயாக்கடையில் ஒளிந்திருந்தாரே, அதுதான் சாமர்த்தியம்.

சாயாக்கடையில் அவருக்குப் பெயர் ஜட்ஜி. யாராவது ஏதாவது சொன்னால் அவர்கள் உதட்டையே உற்றுப் பார்ப்பார். கொஞ்சம் யோசிப்பார். பிறகு நிதானமாக ஒரு தலையாட்டல். பெரிய மனுஷத் தோரணை என்று சிலர் மதித்தார்கள், தலைக்கனம் என்று சிலர் ஏசினார்கள். ஏசியது அவர் காதில் விழாததால் யாரோடும் மனஸ்தாபம் வரவில்லை.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு ஒரு பயம் இருந்தது. டாங்கிக்குள் வேலை நடக்கும்போது மேலே மேஸ்திரி சங்கரலிங்கம் நிற்பார். உள்ளே காற்று கெட்டாலும், பக்கத்து டாங்கியில் தண்ணீர் விடப்போகிறார்கள் என்றாலும், சம்மட்டியை எடுத்துக் கப்பல் தகட்டில் மூன்று முறை இடைவெளி விட்டு அடிப்பார். கேட்டதும் எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே ஏறிவிட வேண்டும். அந்த மூன்று அடி கேட்காதவனுக்கு டாங்கியில் வேலை கிடையாது. நீலகண்டன் என்ற ஆளுக்குக் காது மந்தம் என்று தெரிந்த அன்றைக்கே மேஸ்திரி அவரை நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் மேஸ்திரியும் அவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீலகண்டன் இப்போது பஜாரில் மிளகு மூட்டை சுமக்கிறார், அதுவும் யாராவது கூப்பிட்டால்தான்.

ஆறுச்சாமிக்கு அந்த மூன்று அடி காலில் கேட்டது. மற்றவர்கள் துருச் சில்லு குத்தாமல் இருக்க டயர் செருப்போடு இறங்குவார்கள். அவர் டாங்கியின் வாயிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குவார். சுத்தியல் தட்டுவது மணிக்கட்டில் குறுகுறுவென்று ஓடும். சம்மட்டி அடி அப்படி இல்லை. தகட்டோடு வந்து உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் திம்மென்று நிற்கும். இதை அவராகத்தான் கண்டுபிடித்தார், யாரிடமும் சொல்லவில்லை.

"கோயிலுக்கா போறீங்க மச்சான், செருப்பைக் கழட்டறீங்க?" என்று ராஜன் கேலி செய்வான். ராஜன் அவருடைய மனைவி அங்கம்மாளின் தம்பி. அதே கூட்டத்தில்தான் அவனுக்கும் வேலை. அவனுக்குக்கூட விஷயம் தெரியாது.

அறுபத்து மூன்றாம் வருஷம், மழை விட்ட சமயம், வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வார்ஃபுக்கு வந்தது. டாங்கியில் துரு தட்ட இவர்கள் கூட்டத்தைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் கப்பலின் எஞ்சினியர் ஒரு பிடிவாதக்காரர். தான் கொடுக்கும் சாமானைத் தலையில் மாட்டாமல் ஒருத்தனும் என் டாங்கியில் இறங்கக் கூடாது என்று சொல்லி, ஒரு பெட்டியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்து ஆறு பேருக்கும் சிரிப்பு. தலைக்கு மேல் வளைந்து போகும் ஓர் எஃகுப் பட்டை. அதன் இரண்டு முனையிலும் காதை முழுக்க மூடும் கிண்ணம், உள்ளே மெத்தென்று பஞ்சு. முன்பக்கம் கீல் வைத்த ஒரு கண்ணாடி. கட்டைவிரலால் தள்ளினால் நெற்றிக்கு மேலே போய் நிற்கும், இழுத்துவிட்டால் கண்ணுக்கு முன்னால் இறங்கிவிடும். காதுக்கும் கண்ணுக்கும் சேர்த்து ஒரே காவல். ராஜன் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியை மேலும் கீழுமாக நாலு தடவை ஆட்டிக் காட்டினான். கிரீடம் என்று அங்கேயே பெயர் வைத்தாகிவிட்டது.

கேலி அரைமணி நேரம்தான். துருச் சில்லு கண்ணாடியில் பட்டுத் தெறித்து விழுந்தபோது, போன மாசம் கண்ணில் சில்லு ஏறி எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் கிடந்த ராஜன் முதலில் வாயை மூடினான். மற்றவர்களும் பேசாமல் வேலையைப் பார்த்தார்கள்.

ஆறுச்சாமிக்கு அன்று வந்த சந்தோஷம் வேறு மாதிரி. அதுவரைக்கும் டாங்கிக்குள் எல்லாரும் வாயில் துண்டு கட்டிக்கொண்டு துண்டுக்குள்ளேயே கத்துவார்கள். உதடு தெரியாமல் அவர் தவிப்பார். இப்போதோ கத்திப் பிரயோஜனமில்லை, யாருக்கும் கேட்காது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுத்தியலைக் கீழே வைத்து, கண்ணாடியை மேலே தூக்கி, துண்டை இறக்கி, முகத்துக்கு முகம் வாயசைத்துக் கையைக் காட்டிப் பேச வேண்டியிருந்தது. அவர் நாலு வருஷமாகத் தனியாகப் பட்ட பாட்டை ஆறு பேரும் சேர்ந்து பட்டார்கள். ஒரு பேச்சைக்கூட அவர் தவறவிடவில்லை. இது நம் தலையில் இருக்கும்வரை நம்மை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது.

பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் அதே மூன்று அடிதான். மேஸ்திரி அடித்தார். ஆறுச்சாமி வெளியே வந்தார். வேறு யாரும் வரவில்லை. மேஸ்திரி திரும்பவும் அடித்தார், அப்போதும் யாரும் வரவில்லை. இறங்கிப் பார்த்தால் ஐந்து பேரும் குஷியாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருத்தர் தோளையும் தட்டி மேலே ஏற்றினார்.

"இது நெசமா தண்ணி விடற நேரமா இருந்தா?" என்றார். பிறகு ஆறுச்சாமியைச் சந்தேகமாகப் பார்த்தார். அவர் கிரீடத்தில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அதனால்தான் அவருக்கு மட்டும் கேட்டது என்று அதை வாங்கி ராஜன் தலையில் மாட்டினார், ராஜனுடையதை ஆறுச்சாமிக்குக் கொடுத்தார். எல்லாரையும் திரும்ப உள்ளே இறக்கிவிட்டு அடித்துப் பார்த்தார். மறுபடியும் ஆறுச்சாமி மட்டும் வந்தார்.

மேஸ்திரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மற்றவர்களையும் மேலே ஏற்றி, ஆறுச்சாமியின் தோளைத் தட்டிச் சொன்னார்: "எடா, இதுதாண்டா பாம்புச் செவி. கிண்ணத்தை வெச்சு மூடினாலும் கேக்குது. நீங்களும் இருக்கீங்களே." பிறகு கிரீடங்களைப் பெட்டியில் போடச் சொன்னார். "இன்னிக்கு இனிமே வேலை வேண்டாம். நாளைக்கு இதை எஞ்சினியர்கிட்டத் திருப்பிக் குடுத்துடறேன். அவர் ஒத்துக்கலைன்னா கப்பலே வேண்டாம். கண்ணும் காதும் போனாலும் ஆள் மிஞ்சுவான். மூணு அடி கேக்கலைன்னா ஆளே மிஞ்ச மாட்டான்."

அதற்குப் பதில் ஆறுச்சாமியின் உள்ளங்காலில் இருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி அவரும் ராஜனும் சுள்ளிக்கல்லில் இருந்த வீட்டுக்கு நடந்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்கும் பொதுவான முற்றத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு ராஜன் சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தான். ஆறுச்சாமி அவன் உதட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு அந்தக் கிரீடத்தை அரைநாள்தான் போட்டேன் மச்சான். காதுல அந்த வண்டு வரலை."

"என்ன வண்டு?"

"வேலை விட்டு வந்தா ஒரு வண்டு ரீங்குன்னு கத்தும். முன்னெல்லாம் ராத்திரிக்குள்ள நின்னுடும். இப்போ ஒரு மாசமா விடியற வரைக்கும் கத்துது. நாளைக்கு மறுபடி ஆரம்பிச்சுடும்."

ஆறுச்சாமிக்கு அந்த வண்டைத் தெரியும். அவர் காதிலும் அது ஒரு வருஷம் கத்தியது. அது நின்றபோது அதோடு மற்ற எல்லாமும் நின்றுபோனது. அவருடைய மகள் மீனாக்ஷிக்கு இப்போது மூன்று வயது. அவள் பிறப்பதற்குள் அவருக்குக் கேட்பது நின்றுவிட்டது. மகளின் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ராஜனின் மனைவிக்கு இது ஏழாம் மாசம்.

அங்கம்மாள் வீட்டில் அவரிடம் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவாள். கத்திப் பேசினால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே. புருஷனும் பெண்டாட்டியும் பேச்சுவார்த்தை இல்லை என்று சுற்றிலும் பரிதாபப்பட்டார்கள். அன்று நடந்ததையும், மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்ல நினைப்பதையும் அவர் சொல்லி முடித்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் பறைய வேண்டாம். பாம்புச் செவின்னு அவரே சொல்லிட்டாரு. இனி ஆயுசுக்கும் உங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"ஆமாம்."

"நீலகண்டன் சேட்டன் வீட்டுல வாரத்துல எத்தனை நாள் அடுப்பு எரியுதுன்னு நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"ஆமாம்."

முற்றத்தில் ராஜன் இன்னும் காதைக் குடைந்துகொண்டு, தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டு நின்றான். அங்கம்மாள் தம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆறுச்சாமியும் முதலில் இப்படித்தான் தட்டிக்கொண்டு நின்றார், அவள் பார்த்திருக்கிறாள்.

"அவனுக்கு எத்தனை நாளா இது?" என்று உதடு அசைந்தது.

"ஒரு மாசமா விடாம."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலைல வெறும் வயித்தோட போகாதீங்க. கப்பைக் கிழங்கு அவிச்சு வெக்கறேன்" என்றாள். சரி என்பதை அவளால் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலையில் மேஸ்திரி கப்பல் தளத்தில் நின்று கிரீடங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி போய் முன்னால் நின்றார்.

"மேஸ்திரி, அதைத் திருப்பிக் குடுக்க வேண்டாம். எனக்குப் பாம்புச் செவியும் இல்லை, மனுஷச் செவியும் இல்லை. நாலு வருஷமா எனக்குக் காது கேக்காது."

மேஸ்திரி சிரித்தார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜட்ஜி இப்போதுதான் முதல் தடவையாகத் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"நான் திரும்பி நிக்கறேன். நீங்க கூப்பிடுங்க" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, காயல் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டார்களா, இன்னும் இல்லையா, சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்களா? கயிற்றுக் கட்டு ஏற்றிய வள்ளம் ஒன்று மட்டாஞ்சேரிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஒரு படகுத்துறையிலிருந்து அடுத்த படகுத்துறைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போய்விட்டது என்று அந்த நேரத்தில் அவர் மனசார நம்பினார்.

"இப்போ சம்மட்டியால அடிங்க. எத்தனை அடின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்று காயலைப் பார்த்தபடியே சொன்னார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு உள்ளங்காலில் திம்மென்று ஏறியது. ஒன்று. இரண்டு. நின்றது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தார், வரவில்லை. இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்து ஐந்து வந்தது, ஐந்து விரலையும் விரித்தார்.

திரும்பியபோது யாரும் சிரிக்கவில்லை. ராஜன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக மச்சான், மச்சான் என்று கத்தியிருப்பானோ, கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருந்தது. மேஸ்திரி சம்மட்டியைப் பிடித்தபடி அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு அடி தெரியறதுக்குக் காது வேண்டாம் மேஸ்திரி. செருப்பு இல்லாம இருந்தாப் போதும்" என்றார் ஆறுச்சாமி. "பழகினா எல்லாருக்கும் வரும். என் வேலையை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அதை மட்டும் இவங்க தலையிலேர்ந்து எடுக்காதீங்க."

மேஸ்திரி சம்மட்டியை ராஜன் கையில் கொடுத்தார். தன் செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், பெட்டியிலிருந்து ஒரு கிரீடத்தை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு டாங்கிக்குள் இறங்கினார். இறங்கும்போதே இன்னொரு கிரீடத்தை ஆறுச்சாமிக்கு நீட்டினார். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு கிரீடத்தோடு பின்னாலேயே இறங்கினார்கள். ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை.

எல்லாரும் தட்டத் தொடங்கினார்கள். மேலேயிருந்து ராஜன் அடித்தான். மேஸ்திரிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறுச்சாமி அவர் குதிகாலைப் பிடித்துத் தகட்டில் நன்றாக அழுத்தி வைத்தார், முழங்காலைப் பக்கத்து இரும்பு விலாச் சட்டத்தில் சாய்த்துவிட்டார். ராஜன் திரும்ப அடித்தான். மேஸ்திரியின் கை சுத்தியலோடு அந்தரத்தில் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, ஒன்று, இரண்டு, மூன்று. மற்ற நாலு பேருக்கும் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருத்தன் மட்டும் கடைசிவரை மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து விரலைக் காட்டினான். அவனை நடுவில் உட்கார வைத்துத் தனியாக இன்னும் பத்து அடி அடித்துப் பழக்கினார்கள்.

எல்லாம் முடிந்ததும் மேஸ்திரி ஆறுச்சாமியின் எதிரில் வந்து குந்தினார். கண்ணாடியைக் கட்டைவிரலால் தள்ளி நெற்றிக்கு மேலே ஏற்றினார். துண்டை இறக்கினார். விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி திரும்பிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக வாயைத் திறந்தார்.

"நாலு வருஷமா நான் உன்னைத் திட்டினது எதுவுமே உன் காதுல விழலையா?"

ஆறுச்சாமி இல்லை என்று தலையாட்டினார்.

மேஸ்திரி ஒற்றை விரலைக் காட்டினார். "ஒண்ணு கூடவா?"

அதற்கும் இல்லை என்று தலையாட்டினார்.

மேஸ்திரி அவரை முறைத்துப் பார்த்தார். "அத்தனையும் வீணா? சரி. இனிமே நான் திட்டும்போது இப்படி நேரே என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிக்கணும். இப்போ கண்ணாடியை இறக்கிட்டு வேலையைப் பாரு."

ஆறுச்சாமி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். கண் நிறைந்து போயிருந்ததால் சுத்தியலைத் தேடிப் பிடிக்க அவருக்குச் சற்று நேரம் ஆனது.