கல்யாணராமன் களைந்த வார்த்தைகள்

கல்யாணராமனுக்குப் பிரெஞ்சு தெரியும். அதற்குச் சான்றிதழே உண்டு. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்து ஐ.டி. அலுவலகத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள், சாமி படம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மாலை போடாததுதான் குறை.

வியாழன்தோறும் பிரான்சில் லியோன் நகரத்து வாடிக்கையாளர் பெர்னாருடன் போன் கூட்டம். அவர் பேசுவதைக் கல்யாணராமன் இங்கிலீஷில் குறிப்பெடுத்து மேலதிகாரிக்கு அனுப்புவார். அனுப்புமுன் களை பறிப்பார். "பென்", "ஆன்ஃபான்", "போஃப்" என்று பெர்னார் நடுநடுவே உதிர்க்கும் துண்டுதுணுக்கெல்லாம் அவருக்குக் குப்பை. பரீட்சையில் கேட்காத வார்த்தையும் ஒரு வார்த்தையா?

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பித்தால் கல்யாணராமனுக்கு லியோனில் இரண்டு வருஷம் வேலை. இல்லையென்றால் அவருக்குக் கீழே இருக்கும் ஆறு பேருக்கு வேலை போகும். லியோன் பயணம் மட்டும் அவர் குடியிருக்கும் வலியசாலை அக்ரஹாரம் முழுக்கத் தெரியும். திருவனந்தபுரத்து வெயிலில் கம்பளிக் கோட்டுகூட வாங்கியாயிற்று.

அந்த வியாழன் அவரே வாய்விட்டுக் கேட்டார், எங்கள் வேலை திருப்திதானே, அடுத்த வருஷமும் தொடரலாமே என்று.

"பென்... உய்..." என்றார் பெர்னார். "ஆன்ஃபான்..."

இழுத்த இழுப்பில் கடைசி வார்த்தை கிணற்றுக்குள் விழுந்த மாதிரி போயிற்று. கல்யாணராமன் களை பறித்துவிட்டு, மிஞ்சிய "உய்"யை மட்டும் "ஆம்" என்று எழுதிக்கொண்டு மைக்கை மூடினார்.

கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரில் இளையவளான மாளவிகா தயங்கினாள். "சார், அது நேரான ஆமா இல்லை. கல்யாணத்துக்கு வரேளான்னு கேட்டா, 'ஆ... வரலாம்... பாப்போம்'னு நம்மாத்துல இழுக்கறாளே, அந்த இழுப்பு. மனசுல என்னமோ குறை வெச்சிருக்கார். கேளுங்கோ சார், இன்னும் லைன்லதான் இருக்கார்."

"நீ எந்தப் பரீட்சை பாஸாயிருக்கே?"

"ஒண்ணும் இல்லை சார். காதாலே கேட்டேன்."

"காது ஆட்டுக்கும் உண்டு, கேட்டோ."

அறையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். பெர்னாருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தார். வாடிக்கையாளர் சம்மதித்துவிட்டார் என்று குறிப்பும் போயிற்று. அதை நம்பி மேலதிகாரி, இந்த ஆறு பேரையும் கேட்டு வந்த வேறொரு வேலையை வேண்டாமென்றார்.

திங்கட்கிழமை பெர்னாரின் மெயில் வந்தது. புதுப்பிக்கப் போவதில்லை. மூன்று கூட்டமாகத் தயங்கித் தயங்கிப் பேசினேன், என்ன குறை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை; கேட்கத் தெரியாதவர்களோடு வேலை செய்ய முடியாது என்று எழுதியிருந்தார்.

கல்யாணராமன் ஆறு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்போதும் மீசையில் மண் ஒட்டவில்லை.

"அவன் ஆமான்னுதானே சொன்னான்? நான் எழுதினதுல தப்பு உண்டோ?"

யாரும் நிமிரவில்லை. மாளவிகா மட்டும் சட்டத்துக்குள் தொங்கிய சான்றிதழைப் பார்த்தாள்.

"இல்லை... சார்..." என்றாள்.

இந்தத் தடவை அந்த இழுப்பு அவருக்கு முழுசாகக் கேட்டது.