மதிலுக்கு அந்தப் பக்கத்து முட்டைகள்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்ப்பது தொழில் என்பதால், உலகத்தில் இருப்பதெல்லாம் பழுது என்றே ஒரு நினைப்பு. ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தைக்கூட, “என்னவோ சத்தம் வருதே” என்று திறந்து பார்ப்பார். திறப்பதில் மன்னன். மூடுவதுதான் வராது.

அப்படித்தான் பின்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கண்டக்டர் அக்காவுக்கும் நடுவில் மார்பளவு மதில் ஒன்று. அது முடிகிற இடத்தில் சந்துக்குப் போகிற கதவு, இரண்டு வீட்டுக்கும் பொது. தாழ்ப்பாள் கிறீச்சிடுகிறதாம். யார் கேட்டார்கள்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, கழற்றி எண்ணெயில் ஊறப் போட்டார். கடையிலிருந்து போன் வந்தது, போய்விட்டார். தெருநாய் உள்ளே நுழைந்தது.

அக்காவின் பெண் வாத்து அடையில் இருந்தது. முட்டையை விட்டு எழுந்து ஓட மனசு வரவில்லை போலிருக்கிறது, பாவம். ஆண் வாத்து மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து தப்பித்தது, ஆம்பிளை அல்லவா! நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவதற்குள் இறகும் முட்டையும்தான் மிச்சம்.

அக்கா டூட்டி முடிந்து வந்தாள். இறகைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிறைந்த பஸ்ஸில் பின்படிக்கட்டிலிருந்து கத்தினால் டிரைவர் காதில் விழுகிற குரல் அவளுடையது. காலையில் தீனி போடும்போது அந்த வாத்தை அவள் திட்டுகிற திட்டில்தான் தெருவே எழுந்திருக்கும். அப்படிப்பட்டவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா தனியாள். ஆளென்று சொல்ல அந்த ஜோடி வாத்தும் நானும்தான். எனக்கும் அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? சாயங்காலமானால் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு அவள் சில்லறை தராத பயணிகளைத் திட்டுவாள். தாங்கள் குண்டாகிவிட்டு, ரவிக்கையைச் சின்னதாக வெட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறவர்களை நான் திட்டுவேன். திட்டித் தீர்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சமைக்கப் போவோம்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் நேரே மதிலைத் தாண்டிக் குதித்தார். முட்டை ஆறையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

“இன்னும் சூடு இருக்கு. நான் பொரிச்சுக் காட்டுறேன்.”

“நீங்களா? உக்காந்து அடை காக்கப் போறீங்களா?”

“பொட்டி செய்யறேன்.”

தெர்மாகோல் பெட்டி, ஒரு குண்டு பல்பு, பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து பிடுங்கிய சூடு கட்டுப்படுத்துகிற சாமான், ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் செய்தார். முட்டையைத் திருப்பி வைக்கும்போது எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக என் தையல் சாக்பீஸால் புள்ளி வைத்தார். நான் மதிலருகே போய், “அக்கா, முட்டையெல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு” என்றேன். ஜன்னல் படீரென்று சாத்தப்பட்டது. மறுநாளும் போனேன். மறுபடியும் படீர். அதற்குமேல் எந்த முகத்தோடு போவது?

ஒரு முட்டையிலிருந்து நாற்றம் வந்தது. “கூமுட்டை” என்றேன். “யாரைச் சொல்ற?” என்றார். “ரெண்டு பேரையும்தான்” என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டேன். மிச்சம் ஐந்து. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருட்டாக ஏதோ அசைந்தது. இந்த ஐந்தும் உயிரோடு வந்துவிட்டால் மதிலுக்கு அந்தப் பக்கம் போக எனக்கு ஒரு வழி கிடைக்கும். இதுவும் போனால் அந்த ஜன்னல் எனக்கு இனித் திறக்காது.

பிறகு ஒரு நாள் காலையில் ஒரு முட்டையில் விரிசல். உள்ளிருந்து கீச், கீச். வீட்டுக்காரர் குதித்த குதியில் பல்பே ஆடியது. குஞ்சு மறுநாள் காலை வரை கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் சத்தம் நின்றுபோனது. விரிசல் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார்.

“கைய வச்சீங்க, கைய ஒடிப்பேன்!”

“மூச்சு முட்டுமே, லேசாத் திறந்து விடுறேன்...”

தெரிந்த கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். “உடைச்சுடாதீங்கம்மா, ரத்தம் வந்து செத்துடும்” என்றார் அவர். “தாய் வாத்து இந்த நேரத்துல குரல் குடுக்கும். உள்ள இருக்கிறப்பவே அதுங்களுக்குக் காது கேக்கும். நீங்க ஏதாவது பேசிப் பாருங்க.”

பேசினோம். அவர் தரையில் மண்டி போட்டு, “குவா, குவா” என்றார். நல்லவேளை, வெளி ஆள் யாரும் பார்க்கவில்லை. நான் ‘வாம்மா, தங்கமே’ என்றெல்லாம் கெஞ்சினேன். ஒரு பதிலும் இல்லை. மத்தியானம் வரை இதே கூத்து. அந்த நேரம் பார்த்து இவர் மறுபடியும் பெட்டியின் மூடியைத் திறந்தார், முழங்கை பட்டுத் தண்ணீர்க் கிண்ணம் தரையில் உருண்டது.

“மூடித் தொலைங்க! வாழ்க்கையில ஒரு தடவையாவது ஒண்ண மூடுங்க!” என்று நான் போட்ட கத்தல் மதிலைத் தாண்டியிருக்கும்.

தாண்டித்தான் இருந்தது. அந்தப் பக்க ஜன்னல் திறந்தது.

“ஏய்! விடியக்கால டூட்டி பாத்துட்டு வந்து ஒரு மனுஷி கண்ண மூடலாம்னா விட மாட்டீங்களா? தாழ்ப்பாளக் கழட்டுனது பத்தாதுன்னு இப்ப வீட்டையே கழட்டுறீங்களா?”

பெட்டிக்குள்ளிருந்து, “கீச்.”

நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம்.

“என்ன, வாயில கொழுக்கட்டையா?”

“கீச், கீச்!”

வீட்டுக்காரர் மதிலுக்கு ஓடினார். “அக்கா, அக்கா! இன்னொரு தடவை திட்டுங்கக்கா!”

“என்னடா, கிண்டலா?”

“சத்தியமாக் கிண்டல் இல்லக்கா,” என்று நானும் ஓடினேன். “குஞ்சு சத்தமே இல்லாமக் கெடந்துச்சு. எங்க குரலுக்குப் பேசல. உங்க குரலுக்குத்தான் பேசுது.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தாள். தூக்கக் கலக்கம், கலைந்த கொண்டை. என்னைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், “வாடா கண்ணு” என்றாள்.

முட்டை மூச்சு விடவில்லை.

“இதுக்கெல்லாம் அசையாதுக்கா,” என்றார் வீட்டுக்காரர் பயந்துகொண்டே. “நீங்க வழக்கமாப் பேசுற மாதிரி பேசுங்க.”

அக்கா அவரை முறைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

“ஏய்! எறங்கப் போறியா இல்லையா? ஸ்டாப்பிங் வந்து எவ்வளவு நேரமாச்சு! வழிய அடைச்சுகிட்டு உக்காந்திருந்தா மத்தவங்க எப்படி எறங்குவாங்க?”

“கீச்!” ஓட்டில் புதிதாக ஒரு கீறல். அக்காவின் குரல் ஏறியது. முட்டையைத் திட்டினாள். நாயைத் திட்டினாள். தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர்களைத் திட்டினாள். என் வீட்டுக்காரரை, அவருக்குக் கல்யாணம் பண்ணி வைத்தவர்களை, ஸ்க்ரூ டிரைவரைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஓடு சுற்றிலும் விரிந்துகொண்டே வந்தது. அப்புறம் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“நீயும்தான்டி! இத்தனை நாள்ல வந்து ஒரு வார்த்தை பேசணும்னு தோணல உனக்கு?”

“வந்தேனே அக்கா. நீங்கதான் ஜன்னலச் சாத்துனீங்க.”

“சாத்துனா? தட்ட மாட்டியா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை நான், ஓவென்று அழுதேன். அக்காவும் பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பெட்டிக்குள் சத்தம் நின்றது.

“நிறுத்தாதீங்கக்கா,” என்றேன். “திட்டுங்க.”

“அழுமூஞ்சி,” என்று ஆரம்பித்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஓட்டின் மேல்பாதி குல்லாய் போலத் திறந்துகொண்டது. நனைந்து, நசுங்கி, கழுத்து நிற்காமல் ஒன்று வெளியே விழுந்தது. அக்காவின் குரல் வந்த பக்கமாக அலகைத் திருப்பியது. அவள் ஒரு விரலை மட்டும் நீட்டி அதன் முதுகைத் தொட்டாள். பக்கத்து முட்டையில் டொக்கென்று ஒரு சத்தம்.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

“தொண்ட காஞ்சுபோச்சு. டீ போடுடி. இன்னும் நாலு பேரத் திட்டணும்.”