அத்திக்குப் பூஜ்யம்

ஹைருன் பீவியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்று காலை, ஐந்தருவிச் சாலையில் கார் நிறுத்துவதற்குப் போட்ட புதுச் சிமெண்ட் தரையைப் பிளந்துகொண்டு நந்தியாவட்டை ஏழு இதழோடு பூத்தது. ஐந்துதான் வழக்கம். முப்பது வருடம் அங்கே குத்தகைக்குத் தோட்டம் போட்டவள் ஹைருன் பீவி. அவள் மவுத்தான மூன்றாம் நாளே, அருவி சீசனுக்கு வரும் வண்டிகளுக்காக எல்லாவற்றையும் வெட்டிச் சிமெண்ட் போட்டுவிட்டார் நிலத்துக்காரர் சங்கரநாராயணன். அத்தி மட்டும் பூக்காத மரந்தானே, காருக்கு நிழலாகட்டும் என்று விட்டுவைத்தார்.

அந்த அத்தியின் அடியில்தான் மகள் முஹ்ஸினா, உம்மா சேர்த்த விதைகளை ஒரு தகர டப்பாவில் ஒளித்திருந்தாள். இடத்தின் எண்களை இணையத்தில் புதிராகப் போட்டு ஊர் உலகத்தைத் தேடவிடும் ஜியோகேச்சிங் விளையாட்டு அது. அந்த எண்கள் கிடைக்க, உம்மா வளர்த்த ஆறு பூக்களுக்கும் இதழ் எண்ண வேண்டும். இட்லிப்பூவுக்கு நான்கு, செம்பருத்திக்கு ஐந்து. வெளியே தெரியாமல் பூக்கும் அத்திக்குப் பூஜ்யம். போனும் கையுமாக ஆட்கள் வந்து மரத்தைச் சுற்றவும் சங்கரநாராயணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைத் தோண்டிச் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலில் எறிந்தார்.

அதற்கு மறுநாள்தான் நாற்பது. வெட்டிய ஐந்து செடிகளும் எழுந்து நின்றன. ஒன்றிலும் பழைய கணக்கு இல்லை. அத்திகூடக் கிளை நுனியில் மூன்று இதழ் விட்டிருந்தது. முஹ்ஸினா எண்ணிப் போனில் போட்டாள். வயலைக் காட்டியது. டப்பாவை எடுத்துவந்து பழையபடி புதைத்தாள். அவர் அதைத் திருவேங்கடம் ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றில் போட்டார். பூக்கள் அதையும் சொல்லிக்கொடுத்தன. கடைசியில் தன் படுக்கையறை பீரோவில் வைத்துப் பூட்டினார். விடிந்ததும் பதினோரு பேர் போனோடு வாசலில் நின்றார்கள், முன்னால் முஹ்ஸினா.

அவர் மனைவி உமாராணி பீரோவைத் திறந்து டப்பாவை நீட்டினாள். “ஏட்டி, எடுத்துட்டுப் போ. இவுகளுக்கு ஒளிக்கவும் தெரியல.”

முஹ்ஸினா டப்பாவைத் திறந்து, கண்டுபிடித்தவர்கள் கையெழுத்துப் போட உள்ளே வைத்திருந்த நோட்டில் உம்மாவின் பெயரை எழுதிவிட்டு, மறுபடி பீரோவிலேயே வைத்தாள். மண்ணுக்குள் ஒரு தடவை, சிமெண்டுக்குள் ஒரு தடவை என்று உம்மாவை இரண்டு தடவை புதைத்த ஆத்திரம் அவளுக்கு.

“அங்கனயே இருக்கட்டும், அக்கா. தேடி வாறவங்களுக்கு அண்ணாச்சியே தெறந்து காட்டட்டும். சிமெண்ட என்னைக்கு ஒடைக்காகளோ, அன்னைக்கு எடுக்கேன்.”

அந்தச் சாரல் சீசன் முழுக்கக் கோவையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஆட்கள் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சங்கரநாராயணன் வேட்டி மாற்றக்கூட நேரம் பார்க்க வேண்டியதாயிற்று. ஆவணி முதல் வாரம் ஆள் வைத்துச் சிமெண்டை உடைத்தார்.

டப்பா அத்தியடிக்கே திரும்பியது. பூக்களும் பழைய கணக்குக்கு வந்துவிட்டன. இப்போது அங்கே தினமும் இதழ் எண்ணுகிறவர் சங்கரநாராயணன் ஒருவர்தான். அத்தியடிக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்து, “பூஜ்யம்” என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காபி குடிக்கப் போகிறார்.