கூரையில் நின்ற காடு

முற்பகல் பத்தேகால் மணி. வெயில் ஏறிய குன்றின்மேல் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்க, அக்குன்றின் வயிற்றுக்குள், கரி வெட்டி முடித்துக் கைவிடப்பட்ட சுரங்கத்தில், பகலும் இரவும் அறியாத இருள் கிடந்தது. அவ்விருளின் கூரையில் ஒரு காடு நின்றது. நிலங்கள் இன்றுபோல் சிதறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த காலத்தில் சேற்றில் ஓங்கி வளர்ந்து, வெள்ளம் கொணர்ந்த வண்டலில் நின்ற நிலையிலேயே புதைந்து, மெல்லக் கல்லாகிய காடு அது. அதன் அடியில் மட்கியவையெல்லாம் கரியாயின. அக்கரியை மாந்தர் வெட்டிச் சென்றபின், மரங்களின் அடிகள் மட்டும் கூரையில் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. பறவை பிறவாத காடாதலின் அங்கே பாட்டு இருந்ததில்லை; பூத் தோன்றாத காடாதலின் மணமும் இருந்ததில்லை. முழ அகலச் சிறகு விரித்த தும்பிகள் பறந்த இடத்தில், ஆள் நீளத்து மரவட்டைகள் ஊர்ந்த இடத்தில், இன்று பாறை இருந்தது. அக்காட்டைக் காண விழைவோர் வேருக்கும் கீழே தவழ்ந்து சென்றே காண வேண்டும்.

அவ்வாறு சென்றிருந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவள் கல்லான மரங்களின் பட்டையைப் படிப்பவள். அவன் அவள் படிப்பதை வரைபவன். கடலுக்கு அப்பாலுள்ள நாட்டின் பாறையில், இலை உதிர்ந்த தழும்புகள் சாய்சதுரங்களாக அடுக்கிய பட்டை ஒன்று கிடைத்திருந்தது. அதே பட்டை இங்கும் கிடைத்தால், கடல் பிரித்த இரு கரைகளும் ஒரே காட்டின் இரு பாதிகள் என்று துணிந்து சொல்லலாம். மணமான நாள்முதல் அவ்வீட்டின் அடுக்களைப் பேச்சும் இதுவே.

கூரையில் வட்டமாகத் தெரிபவை நேராக நின்ற மரங்கள். அவற்றைப் பாறை கவ்வுவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விழும். ஆதலால் வட்டங்களின் கீழ் அவர்கள் ஒருபோதும் தங்கியதில்லை. முட்டை வடிவில் தெரிபவை சாய்ந்த மரங்கள். அவற்றைப் பாறை இறுகப் பிடித்திருக்கும். முழங்கால் உயரமே இருந்த ஒரு பொந்தில், முட்டை வடிவம் ஒன்றை அன்று காலை அவள்தான் கண்டாள்.

"இது சாய்ஞ்ச மரம். பாறை நல்லா கவ்வியிருக்கு. தைரியமா படுத்து வரையுங்க."

"நீ உக்காருன்னா உக்கார்றேன், படுன்னா படுக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் நானா எங்க நின்னேன்?"

அவள் சிரித்தாள். பின் உள்ளே சென்று, மரத்தைச் சுற்றி விரல் கனத்தில் கரியாகியிருந்த பட்டையை உளியால் சுற்றிலும் பெயர்த்தெடுத்து வந்தாள். அதன்பின் அவன் வரைபலகையை மார்பில் வைத்து மல்லாந்து, தலை முன்னாக உள்ளே நகர்ந்தான். வெளியே அவனுடைய காலணிகள் மட்டும் தெரிந்தன.

அவள் ஒரு பட்டைத் துண்டை நீரில் கழுவி விளக்கருகே பிடித்தாள். தழும்புகள் இருந்தன. சாய்சதுரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, அக்கரையில் கண்டவையே. கண் நிறைந்தது. இரு கரைகளும் அவள் உள்ளங்கையில் ஒன்று சேர்ந்தன.

பிறகு அவள் மறுபடியும் பார்த்தாள்.

சாய்ந்த மரமாயின் தழும்பு வரிசையும் சாய்ந்திருக்க வேண்டும். இவை, கூரை மட்டத்தில் இருந்த விளிம்பிலிருந்து தூண்போல் நேரே ஏறின. ஏற ஏறக் குறுகின. அம்மரம் சாயவில்லை. மேலிருந்த மண்ணின் பாரத்தில் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தது, அவ்வளவே. அடி பருத்து நுனி சிறுத்த அம்மரத்தைப் பாறை எங்கும் கவ்வவில்லை. ஒட்டியிருந்தது பட்டை ஒன்றினால். பட்டை அவள் மடியில் கிடந்தது.

குரலை உயர்த்த அஞ்சினாள், உயர்த்தாமலிருக்கவும் அஞ்சினாள்.

"ஏங்க, வெளிய வாங்க."

"ஒரே ஒரு கோடு பாக்கி."

"கோடு வேணாம். வாங்க."

"என்ன, பட்டை சரியில்லையா? சரி விடு, எங்கம்மா கேட்டா, உங்க பிள்ளை மரத்தடியில படுத்துத் தூங்குறார்னு சொல்லிடு."

"விளையாடாதீங்க. மரம் நேரா நிக்குது. நான் தப்பாச் சொல்லிட்டேன். பலகைய விட்டுட்டு வாங்க."

உள்ளே சிரிப்பு நின்றது. கரித்தூள் பொலபொலவென உதிரும் ஓசை கேட்டது. காலணிகள் ஒருமுறை மண்ணை உந்தின. ஒரு சாண் வெளியே வந்தன. அவள் கணுக்கால்களைப் பற்றி இழுத்தாள்.

உறையிலிருந்து வாள் நழுவுவதுபோல், உடையும் ஓசையின்றி, மரம் இறங்கியது. காற்று அறைந்தது. அவன் விளக்கும் அவள் விளக்கும் ஒருங்கே அவிந்தன.

வெள்ளம் சாய்க்காத மரம் அது. நிலங்கள் பிரிந்து, இடையே கடல் புகுந்து, மலைகள் எழுந்து தேய்ந்தபோதும் வீழாது நின்றது. அறியும் வேட்கையின் ஒரு காலைப்பொழுதை மட்டும் அது தாங்கவில்லை. இருளில், புழுதியில், அவள் இரு கைகளிலும் இரு கணுக்கால்கள் இன்னும் சூடாக இருந்தன.

"ஏங்க... தலை வெளிய வந்துடுச்சுதானே? ஒரு வார்த்தை பேசுங்க."