ஒத்திகையில் சொல்லாத வசனம்

1

எரிச்சலில் தொடங்கிய கதை இது. நியூயார்க்கில் நான் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் நாடகக் கொட்டகையில் மலக்கி டூஹியைப் போல ஜனங்களைச் சிரிக்கவைத்தவன் வேறு யாருமில்லை. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

முதல் தொடக்கம்: “அயர்லாந்தில், ஒரு மழைநாளில் பிறந்த மலக்கி…” (வேண்டாம். நானும் அங்கிருந்து வந்தவன்தான். எங்கள் ஊரில் வெயிலும் அடிக்கும்.)

இரண்டாவது: “வருஷக்கணக்காக மேடையில் உதை வாங்கிய மலக்கி, தானே ஒரு நாடகம் எழுதினான்.” இது போதும்.

2

அதிலும் அவனுக்குக் குடிகார வேலைக்காரன் வேஷம்தான். கடைசியில் எஜமான் காலில் விழுந்து, “ஒங்க நாயா கெடக்கேன் சாமி” என்று சொல்லவேண்டும். கொட்டகை முதலாளி புரூவெட் அடம்பிடித்து எழுதவைத்த வசனம்.

எங்கள் தொழிலில் நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் நாடகம் படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த இடம் வந்ததும் மலக்கி எதையோ முனகிவிட்டு எழுந்துவிடுவான். அதனால் அவன் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

3

அரங்கேற்றத்தன்று அவன் தங்கை ஹொனோரா அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கி, நேராக மேல்மாடியில் வந்து உட்கார்ந்தாள். (கதைக்காகச் சேர்த்த தங்கை என்று தோன்றுகிறதா? எனக்கும் சந்தேகம்தான். எடுத்துவிடப் பார்த்தேன், அவள் நகர மாட்டேன் என்கிறாள்.)

“நான் துரை வேஷம் கட்டுறேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்டா,” என்றான் மலக்கி, மூக்கில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டே.

“மூக்கப் பாத்தாலே தெரியுதே, எவ்ளோ பெரிய துரைன்னு,” என்றேன்.

“வெளையாடாத. அவ முன்னாடி என்னால கால்ல விழ முடியாது. வேற வசனம் சொல்லப்போறேன்.”

“புரூவெட் ஒன்னக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவான். அப்புறம் எந்தக் கொட்டகைலயும் ஏத்த மாட்டாங்க.”

“தள்ளட்டும்.”

“சரி, என்ன வசனம்? எங்கிட்டயாவது சொல்லு.”

“முன்னாடியே சொல்லக்கூடாதே,” என்று கண்ணடித்தான்.

4

முடிவு ஒன்று: விழுந்தான். தங்கை எழுந்து போனாள். (எழுத மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: நிமிர்ந்து நின்று அவன் முழங்கியதும் கொட்டகையே… (பொய். அப்படியெல்லாம் நடந்து நான் பார்த்ததில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். அவன் விழவில்லை. மேடையின் முன்னால் வந்து நின்றான், முகத்தில் ஒரு கோணலும் இல்லாமல். வாயைத் திறப்பதற்குள் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பொறுங்கள் என்று கையை உயர்த்தினான், இன்னும் சிரித்தார்கள். அவன் உதடு அசைந்தது. பக்கத்திலேயே நின்ற எனக்கு அந்தச் சிரிப்பில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மேல்மாடியில் ஹொனோரா மட்டும் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து, கேட்க முயன்றுகொண்டிருந்தாள்.

அந்த வசனத்தை என்னால் எழுத முடியாது. நீங்கள் எழுதுங்கள். முதலில் சிரித்து முடியுங்கள். அவன் காத்திருக்கிறான்.