கண்ணைச் சிமிட்டுங்க

ஆபீஸில் அவளுக்கு டேப் ரெக்கார்டர் என்று பெயர். டிஜிட்டல் கையெழுத்துக்கு விண்ணப்பிக்கிறவர்களை வீடியோவில் பார்த்து, ஆள் அவர்தான் என்று உறுதி செய்கிற வேலை. எழுதிக் கொடுத்த வரிகளை எழுத்துப் பிசகாமல் சொல்வாள். அம்மா இறந்து இருபது நாள். நாலாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வராததை இழுத்தா கொண்டுவர முடியும்?

மத்தியானம், நாற்பத்தோராவது ஆளாகத் திரையில் வந்தவன் அவள் தம்பி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு போனவன், நம்பரையும் மாற்றிவிட்டான். சாவுக்குச் சொல்லி அனுப்பவும் வழியில்லை. அவளை அவனால் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் கம்பெனி முத்திரை மட்டும்தான் தெரியும். தெரிந்தவர் வந்தால் வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மாற்றினால் போச்சு. அவன் நம்பர் அவளுக்குத் தெரியாதபடி, திரையில் வெறும் நட்சத்திரக் குறிகள்.

"கொஞ்சம் சீக்கிரம் முடிங்க மேடம். அஞ்சு மணிக்குள்ள வேலை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். விட்டா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"அடையாள அட்டையைக் கேமராவுல காட்டுங்க."

காட்டினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாஸ்வேர்டு மறந்துபோனா நாங்க யாரைக் கூப்பிடணும்?"

"எங்கம்மாவை." நம்பரை மனப்பாடமாகச் சொன்னான். "அவங்க மாத்தியிருக்க மாட்டாங்க."

மாற்றவில்லைதான். இவன் என்றைக்காவது கூப்பிடுவான் என்று வைத்திருந்த நம்பர். அந்த போன் இப்போது வெளியே லாக்கரில், இவள் கைப்பைக்குள் இருக்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறாள்.

திரையில் பத்து நொடி எண்ணிக்கை தானாக ஓடத் தொடங்கியது. அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி: கண்ணைச் சிமிட்டுங்க. அதற்குள் அவன் சிமிட்டிவிட்டால் கையெழுத்து கிடைக்கும், இணைப்பும் அறுந்துவிடும்.

"டேய், அக்காடா. அம்மா போயிட்டாங்கடா. இருபது நாளாச்சு."

அவன் கேமராவையே வெறித்தான். ஐந்து. நான்கு.

"கண்ணைச் சிமிட்டுடா. வேலை போயிடும். சிமிட்டுடா!"

இமை அசையவில்லை.

'உயிருள்ள நபர் என உறுதி செய்ய இயலவில்லை' என்றது திரை. இணைப்பு அறுந்தது.

அடுத்த ஆள் வந்தார். அவள் முதல் வரியிலிருந்து பிசகாமல் சொன்னாள்.

ஆறு மணிக்கு லாக்கரைத் திறந்தாள். அம்மாவின் போனில், தெரியாத நம்பரிலிருந்து பதினேழு அழைப்புகள். அம்மா ஆறு வருஷம் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்கு.